மாமா இல்லாத ஒத்திகை

உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்கிற கணினியில் கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடுகிறது, ஐயா. வாக்குமூலத்தில் நேரம் முக்கியம் என்பதால் சொல்கிறேன். கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார், அதையும் பிய்த்துவிடச் சொல்லுங்கள். நான் வந்து உட்கார்ந்த அரை மணியில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தொழில் பழக்கம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஒரு சரக்கு லாரி கம்பெனியில் தகவல் தொழில்நுட்பத் துறைக்குத் தலைவன். தலைவன் என்றால் கணினி தெரிந்தவன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கணினி தெரிந்தவர்கள் எனக்குக் கீழே இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போவது, அங்கே பொருத்தமான இடங்களில் தலையாட்டுவது, திரும்பி வந்து இன்னொரு கூட்டத்தைக் கூட்டுவது, இதுதான் என் வேலை. கேலியாகச் சொல்லவில்லை. இதை ஒழுங்காகச் செய்ய ஆளில்லாமல் எத்தனையோ கம்பெனிகள் திண்டாடுகின்றன.

இறந்துபோனவர் என் அக்காவின் கணவர். எந்த லாரியில் எந்தச் சரக்கு, எந்த வழியில் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற புரோகிராமை இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் தனியாளாக எழுதியவர். முந்நூறு லாரிகளும் இன்றுவரை அதைக் கேட்டுத்தான் வாசலைத் தாண்டுகின்றன. எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பிறகு அவரைத் தாண்டி நான் தலைவனானேன். அதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை, எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். சேர்ந்த முதல் நாள் வாய் தவறி எல்லோர் முன்னாலும் நான் அவரை மாமா என்று கூப்பிட்டுவிட்டேன். அன்றிலிருந்து வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் மாமாதான். வீட்டில் என்னை மாப்ள என்பார், அலுவலகத்தில் சார் என்பார். சார் என்னும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஆனால் அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

பிரச்சினை ஆபத்துப் பட்டியலில் ஆரம்பித்தது. கம்பெனிக்கு என்னென்ன கேடு வரலாம் என்று வருடத்துக்கு ஒருமுறை எழுதி, பெரிய கேட்டுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், சமாளித்துவிட்டால் பச்சை என்று வண்ணம் பூச வேண்டும். ஆய்வுக்கு வருகிற ஆடிட்டர் அம்மா மென்மையாகப் பேசுவார், ஆனால் விடமாட்டார். மூன்று வருடமாக ஒரே கேள்வி.

"உங்க மாமா மேல நாளைக்கு ஒரு பஸ் ஏறிடுச்சுன்னு வச்சுக்குங்க. என்ன பண்ணுவீங்க?"

இது எங்கள் தொழிலில் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான். ஒரே ஆளை நம்பி ஒரு வேலை நடக்கிறதா என்று பார்க்கிற வழி. மூன்று வருடமும் தலையாட்டினேன். மூன்று வருடமும் சிவப்பு.

முதலாளி பட்டியலில் சிவப்பை மட்டும்தான் படிப்பார். மூன்றாம் வருடம் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். "பேசாம உங்க மாமாவையே தலைவரா போட்டுட்டா என்ன? எப்படியும் அவர் கையிலதானே எல்லாம் இருக்கு. அடுத்த தடவையும் இது சிவப்பாவே இருந்தா அப்படித்தான் செய்யணும்." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். நாற்பத்தொரு பக்கம் எழுதினார். ஏழாவது பக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும், 'இங்கே சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடவும்' என்று இருந்தது. புதுப் புரோகிராம் எழுத வெளியிலிருந்து மூன்று நிபுணர்களை வரவழைத்தேன். அழகாகப் படம் வரைந்து காட்டினார்கள். எட்டாவது மாதம் போய்ப் பார்த்தால் மூவரும் மாமாவைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டு அவர் சொல்வதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு என்ஜினியர்களை அவரிடம் பயிற்சிக்கு விட்டேன். ஆறு மாதத்தில் அவருடைய போன் நம்பரைப் பார்க்காமலே அழுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

அப்புறம்தான் ஒத்திகை யோசனை வந்தது. தீ விபத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம், நகல் எடுத்து வைத்த தகவல் திரும்ப வருகிறதா என்று பார்க்கிறோம். மாமா இல்லாமல் ஒரு நாள் ஓடுகிறதா என்று பார்ப்பதில் என்ன தப்பு? அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம், இரண்டு பேரும் மலைப்பக்கம் போனார்கள். நான்கு நாளில் அறுபத்து மூன்று தடவை அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா எனக்கு போன் செய்து, "ஒரு வேளை சோறாவது நிம்மதியா சாப்பிட விடுங்கடா அவரை" என்றாள். இரண்டாவது முறை அவருடைய போனை வாங்கி என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு கார் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய் அழைத்து வந்துவிட்டார்கள். பனியனோடு வந்து உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்தார். அத்தனை பேரும் கைதட்டினார்கள். இழுப்பறைச் சாவியோடு நானும் நின்றிருந்தேன், என்னை யாரும் கவனிக்கவில்லை.

ஆள் எங்கோ இருக்கிறார் என்று தெரிந்தால் அது ஒத்திகையே இல்லை, ஐயா. இதைக் கொஞ்சம் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கம்பெனியின் பெரிய கணினிகளை அடுக்கி வைத்திருக்கிற சர்வர் அறை என் அறைக்கு எதிரில் இருக்கிறது, கண்ணாடிக் கதவு. உள்ளே தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூடாது, கருவிகள் பாழாகிவிடும். அதனால் வாயுவைத் திறந்துவிடுவோம். நெருப்புக்கு மூச்சு முட்டும். உள்ளே இருக்கிற எதற்கும் முட்டும். ஆள் இருக்கும்போது திறக்காமலிருக்கப் பாதுகாப்பு உண்டு. அதையும் எச்சரிக்கை மணியையும் வியாழக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்க முறைப்படி படிவம் நிரப்பினேன். கோரியவர் நான், பரிசீலித்தவர் நான், ஒப்புதல் அளித்தவர் நான். காரணம் என்ற கட்டத்தில் ஒத்திகை என்று எழுதினேன். அந்தப் படிவத்தைக் கண்டுபிடித்ததற்கு உங்கள் ஆட்கள் பெருமைப்பட ஒன்றுமில்லை. கோப்பில் வரிசைப்படி வைத்திருந்தேன்.

இரண்டு என்ஜினியர்களையும் மேல்மாடியில் நேர நிர்வாகம் பற்றிய வகுப்புக்கு அனுப்பினேன். இரண்டு நாற்பதுக்கு மாமாவைக் கூப்பிட்டு, மூன்றாவது அடுக்கில் ஒரு விளக்கு சிவப்பாக எரிகிறது, பாருங்கள் என்றேன். "உனக்குத் தெரியுதே அது, பரவாயில்லையே மாப்ள" என்றார். அலுவலகத்தில் அவர் மாப்ள என்றது அன்று ஒருநாள்தான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது நான் போட்ட விதி. அதனால் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் திரையிலிருந்து கதவைப் பூட்டினேன். பிறகு வாயு.

அவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். தானாக ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். தள்ளிப் போ, கதவுக்குப் பக்கத்தில் வராதே, வெளியே ஓடு என்று கையால் திரும்பத் திரும்பக் காட்டினார். அந்த நிலைமையிலும் எனக்கு உத்தரவு. அந்தக் கை இறங்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கருவிகளில் ஒன்றுக்குக்கூடச் சேதமில்லை.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். என்னைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்க வந்தாளாம். அவளுக்காகத்தான் ஒரு ஓய்வே இல்லாமல் உழைக்கிற மனிதரை... சரி, அதை விடுங்கள். அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜினியர்கள் வகுப்பு முடிந்து இறங்கி வந்து அவரைப் பார்த்தது நான்கு மணிக்கு. அதற்கு முன்பே, மூன்று பன்னிரண்டுக்கு, மேசையிலிருந்த மாமாவின் போன் அடித்தது. சரக்கேற்றும் இடத்து சூப்பர்வைசர்.

"மாமா, பதினோரு வண்டி நிக்குது, திரை அப்படியே உறைஞ்சுபோச்சு."

"நான்தான் பேசறேன்" என்றேன்.

"ஓ, சார் நீங்களா. பரவாயில்ல சார். மாமா வரட்டும்."

"என்னன்னு என்கிட்ட சொல்லு."

"இல்ல சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம். மாமா வந்ததும் பேசிக்கிறேன்."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பதினாறு வருடமாக எல்லோரும் இதே மரியாதையோடு இதையேதான் சொல்கிறார்கள். நான், "அவர் இனிமே வரமாட்டார், என்கிட்டதான் சொல்லணும்" என்றேன். நான்கு மணி வரை யாருக்கும் தெரியாத செய்தி அது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள், நியாயம்தான்.

அவன் "சரி சார்" என்றான். பிறகு சொன்னான். எந்தப் பட்டியல் பாதியில் நிற்கிறது, திரையில் என்ன எண் வருகிறது, போன மாதம் இதே மாதிரி வந்தபோது மாமா எதை முதலில் நிறுத்தினார் என்று ஒன்று விடாமல் சொன்னான். நான் பேனா எடுத்து எழுதிக்கொண்டேன். ஒத்திகை ஒழுங்காக நடக்கிறது என்று திருப்தியாக இருந்தது. எழுதியதைத் திரும்பப் படித்தேன், ஒன்றும் புரியவில்லை.

"ஒரு நிமிஷம் லைன்லயே இரு" என்று அவனிடம் சொன்னேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, மாமாவிடம் கேட்பதற்காகக் கண்ணாடிக் கதவைத் தட்டினேன்.