குச்சியின் உயரம்

மணி ஏழு. மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் அந்தச் சாலையில் ஈ காக்கை இல்லை. தெருவிளக்கும் இல்லை… மரங்கள் சொட்டுகிற சத்தம் மட்டும். அந்த இருட்டில் ஒரு பெண், கையில் டார்ச்சும் இடுப்பில் சாவியுமாகத் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

யார் என்றால், நமக்கெல்லாம் வயரிங் செய்து தருகிற எலக்ட்ரீஷியன் இருக்கிறாரே, அவருடைய சித்தி. இரண்டாம் வகுப்பு டீச்சர். குட்டை உருவம், கட்டைக் குரல். யாராவது "கூடாது" என்று சொல்லிவிட்டால் போதும், அதைச் செய்து முடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கதவுப் பக்கம் பார்க்க வேண்டாம்.

அன்று மாலை தலைமையாசிரியர் சொன்ன "கூடாது" ஓர் எலும்புக்கூட்டைப் பற்றியது.

அது அந்தப் பள்ளியின் பழைய பீரோவுக்குள் கிடந்தது. யார் வாங்கினார்கள், எப்போது வந்தது… ஒருவருக்கும் தெரியாது. கம்பியால் கோத்து, மண்டையில் வளையம் வைத்து, ஓர் இரும்புத் தாங்கியின் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். சின்ன உருவம். பெரிய வகுப்புப் பசங்கள் பீரோவைத் திறந்து காட்டிச் சின்னதுகளை அலற வைப்பார்கள். ஒரு பெண் குழந்தை பயத்தில் பாவாடையை நனைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. சித்திக்கு வந்ததே கோபம்! பீரோவைத் திறந்து, அதைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு நேராகத் தன் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

"எல்லாரும் முழங்காலைத் தொட்டுப் பாருங்க. கெட்டியா, வட்டமா ஒண்ணு இருக்கா? இதோ, இதுக்கும் இருக்கு. உங்களுக்குள்ள இருக்கிறதைப் பாத்து நீங்களே பயப்படலாமா?"

பிள்ளைகள் விலா எலும்பை எண்ணப் போய்க் கூச்சத்தில் நெளிந்தார்கள். தாடையை ஆட்டிப் பார்த்தார்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் எலும்பு அதிகம், வளர வளரத்தான் சிலது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று கேட்டதும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. குச்சி என்று பேரும் வைத்தாகிவிட்டது. பையனா பெண்ணா என்று சண்டை வந்தது. "இந்த வயசு எலும்பைப் பாத்து அதெல்லாம் சொல்ல முடியாது, சும்மா இருங்க" என்று அடக்கினாள். பால் பல் ஆடுகிறவர்கள் கை தூக்கச் சொன்னபோது, குச்சிக்கும் முன்பல் ஒன்று லேசாக ஆடுவதை ஒருவன் கண்டுபிடித்தான். பயந்து பள்ளிக்கு வராமல் நின்றுபோன குழந்தைகூடத் திரும்பி வந்து, குச்சியின் பக்கத்திலேயே இடம் பிடித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம்… பிள்ளைகள் விடவில்லை. அட்டெண்டன்ஸில் கடைசியாக "குச்சி" என்று சித்தி கூப்பிட வேண்டும். மொத்த வகுப்பும் அதற்காக "உள்ளேன் டீச்சர்" என்று கத்தும். ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, உயரத்துக்குப் பென்சிலால் கோடு போடுவது அவள் வழக்கம். குச்சிக்கும் ஒரு கோடு போட வேண்டியதாயிற்று.

அடுத்த பரீட்சை முடிந்து மறுபடி அளந்தாள். எல்லாரும் கொஞ்சம் வளர்ந்திருந்தார்கள். குச்சி இரண்டு விரற்கடை.

கம்பி தளர்ந்திருக்கும் என்று இழுத்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் மட்டும் ஆச்சரியப்படவே இல்லை.

"தினமும் ஸ்கூலுக்கு வருதுல்ல டீச்சர்… வளராதா?"

இந்தப் பேச்சு வீடுகளுக்குப் போய், வீடுகளிலிருந்து தலைமையாசிரியரிடம் வந்தது.

"செத்ததுக்குப் பேர் வெச்சு தினமும் கூப்பிட்டா என்னம்மா ஆகும்? இனிமே அது இங்க இருக்கக் கூடாது. காலையில தோட்டத்துல போட்டுக் கொளுத்தச் சொல்லிட்டேன்."

"என் வகுப்புப் பிள்ளை யாரையும் கொளுத்த விடமாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள்தான் இருட்டின பிறகு திரும்பி வந்து வகுப்பின் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே சாக்பீஸ் வாசனை. ஈரச் சுவர் வாசனை. அதோடு இன்னொன்று… தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை வாசனை. நாலு எட்டு நடந்து தாங்கியின் மேல் டார்ச் அடித்தாள். கொக்கி காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

சர்ர்க்… சர்ர்க்…

மரத்தில் பென்சில் உரசுகிற சத்தம். அவளுக்குப் பின்னால். அவள் நுழைந்த அதே கதவில்.

திரும்பினாள். கதவு நிலையில் முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து, முகவாயை நிமிர்த்தி… அவள் சொல்லிக்கொடுத்தபடியே நின்றுகொண்டிருந்தது குச்சி. ஒரு கை தலைக்கு மேலே, பென்சிலோடு.

சித்தி ஓர் அடி பின்வாங்கினாள். வெளியே போக அந்த ஒரு கதவுதான். ஆனால் காலையில் கொளுத்த வரப்போகிற ஆளை நினைத்தாள். பயத்தை மிஞ்சிக்கொண்டு கோபம் வந்தது.

"தானா கோடு போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

பென்சில் கீழே விழுந்து உருண்டது.

"குச்சி."

வெளியே சொட்டு… சொட்டு… பிறகு விலா எலும்புகளுக்குள்ளிருந்து, மூச்சு மாதிரி,

"உள்ளேன் டீச்சர்."

"காதுல விழல. சத்தமா சொல்லு."

"உள்ளேன் டீச்சர்."

"சரி, வா. வீட்டுக்குப் போகலாம்."

கையை நீட்டினாள். சின்னச் சின்ன எலும்புகள் ஒவ்வொன்றாக அவள் விரல்களுக்கு இடையே நுழைந்துகொண்டன. ஜில்லென்று இருந்தன. அவள் விடவில்லை.

திரும்பும்போது அந்தச் சாலையில் இரண்டு காலடிச் சத்தம். அவள் செருப்பு சளக்… சளக்… பக்கத்தில் டிக் டிக் டிக், பெரியவர்களுக்கு ஈடுகொடுத்து ஓடி வருகிற குழந்தையைப் போல. வளைவில் தலைமையாசிரியரின் ஸ்கூட்டர் எதிரே வந்தது. காலை வரை பொறுக்கவில்லை மனிதருக்கு. முன்னால் மண்ணெண்ணெய் கேன். ஸ்கூட்டர் வெளிச்சம் இருவர் மேலும் விழுந்தது.

"கூட… கூட யாரது?"

"என் பிள்ளை. வழி விடுங்க."

வழி விட்டார். மறுநாள் எலும்புக்கூடு எங்கே என்று அவர் கேட்கவில்லை. சித்தியின் வேலையும் போகவில்லை. எப்போதாவது வகுப்பைத் தாண்டிப் போகும்போது மட்டும், கதவைத் தொடாமல் ஒதுங்கிப் போவாராம்.

நம் எலக்ட்ரீஷியன் இதை ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. போன லீவில் சித்தி வீட்டுக்கு ஒரு ஸ்விட்ச் மாற்றப் போனார். சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கடைசிக் கோடு அவருடைய மார்பு வரைக்கும் வந்திருந்தது. சித்திக்குக் குழந்தை குட்டி கிடையாது, அந்த வீட்டில் வேறு ஆளும் இல்லை.

"இதெல்லாம் யாருக்கு சித்தி?"

"பயமா இருந்தா நீ கிளம்பு. குச்சி எங்கயும் போகாது."

சித்தி விளையாடுகிறாள் என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். வாஷ்பேசின் விளிம்பில், சோப்புக்குப் பக்கத்தில், ஒரு பால் பல். முன்பல். கையில் எடுத்துப் பார்த்தார்…

அடியில் ரத்தம் இன்னும் காயவில்லை.