சிறை திறந்த நாள்

தக்கலை பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு ஓய்வுபெற்ற நர்சுகள். ஒருத்தி வெளிநாட்டில் வேலை பார்த்தவள்.

"அங்கத்த பிரசிடெண்டு செத்த அன்னைக்கு நான் அழுதேன் ஏட்டி."

"அந்தச் சர்வாதிகாரிக்கா? உனக்குக் கிறுக்கா?"

"பட்டாளத்தில இருந்து வந்து ஆட்சியப் பிடிச்சவன். ரோடு போட்டான், எங்க ஆஸ்பத்திரியையும் அவன்தான் கட்டினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் முற்றத்தில இருந்து ஈச்சம்பழம் தின்னுவோம். எங்க டாக்டர் அவனை மாதிரியே பேசிக் காட்டுவாரு. அந்தச் சிரிப்பு இப்பவும் காதுல கிடக்கு. யாரோ போய்ச் சொல்லிக் குடுத்துட்டாங்க. டாக்டரைப் பிடிச்சிட்டுப் போய்ட்டானுவ."

"பின்ன எதுக்கு அவனுக்காக அழுதே?"

"அவனுக்காகவா? அவன் செத்ததும் ஜெயிலைத் திறந்து விட்டானுவ. டிவியில ஒவ்வொரு முகமாப் பாத்தேன். டாக்டர் வரல்ல."