என் அளவுக்குத் தைத்த சீருடை

பள்ளிச் சீருடையில் தைக்கக் கஷ்டமான இடம் காலர்தான், கல்வி அதிகாரி ஐயா. மற்றபடி நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் அளவுக்கு ஒன்று தைப்பது பெரிய வேலையில்லை.

என் மகள் கெட்டிக்காரி. ஆனால் பொதுத்தேர்வு நெருங்கியும் கால்மேல் கால் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால், "பரீட்சைதானேம்மா, தலையா போயிடும்? தெரிஞ்சதை எழுதுவேன், தெரியாததை விட்டுடுவேன்" என்றாள். பெற்ற வயிறு பற்றி எரிந்தது. இந்த வயதில் இவ்வளவு நிதானம் நல்லதற்கா?

அதனால் தையல் மெஷினை மிதித்தபடியே அவள் பாடங்களை நான் உருப்போட்டேன். தேர்வுக்கு முந்தின நாள், பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டதாகச் சொன்னேன். உடனே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். காலையில் அவள் தூங்கும்போதே போனை எடுத்துக்கொண்டு, வீட்டை வெளியே பூட்டிவிட்டுக் கிளம்பினேன். சாப்பாடு மூடிவைத்திருந்தேன். நான் ஒன்றும் ராட்சசி இல்லை.

இரட்டைச் சடை, முகக்கவசம், கொஞ்சம் இருமல். நுழைவுச்சீட்டுப் படத்தில் மகள் என் சாயல்தான். வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து மேசைப் பையன் மட்டும், "ஆன்ட்டி, ரப்பர் இருக்கா?" என்றான். கொடுத்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் கண்காணிப்பாளர் அம்மாவின் ரவிக்கையில் அக்குள் தையல் விட்டிருந்தது. என் கை சும்மா இருக்குமா?

"கையைத் தூக்குங்க மேடம், ஒரு நிமிஷம்" என்று காலரில் செருகியிருந்த ஊசியை உருவினேன்.

அவரும் பழக்கதோஷத்தில் தூக்கிவிட்டார். பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"தையல்கார அக்கா, நீங்களா?"

நீங்கள் ஆள் அனுப்பிக் கதவைத் திறந்து மகளைக் கூட்டிவந்தபோது தேர்வு முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தெரியாததை என்னம்மா பண்ணின?"

"விட்டுட்டேன்" என்றேன். முக்கால்வாசி விட்டிருந்தேன்.

ஆமாம் ஐயா, அவளைப் பூட்டியது, ஆள்மாறாட்டம் செய்தது, எல்லாம் நான்தான். இந்த வருடம் அவள் எழுதவே முடியாது என்கிறீர்கள். இருக்கட்டும். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே அழுகிறாள். இப்போதுதான் பிள்ளைக்குக் கொஞ்சம் பொறுப்பு வந்திருக்கிறது.