கண்ணாடியில் மூன்று இரவு

– பாலத்துல போயிருந்தா இந்நேரம் வீட்டுல சோத்துல கைய வச்சிருப்போம். ஃபெரிதான் வேணும்னு அடம் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டு, இப்ப மோட்டர் சைக்கிளப் புடிச்சுக்கிட்டு ஊமை மாதிரி நிக்கிற. என்னா தனம்?

– சத்தம் போடாதண்ணே. அந்த லோரிக்காரன் பாக்குறான்.

– அவன் கெடக்குறான். நம்ம பேசுறது அவனுக்கு வெளங்காதுலா. சொல்லு.

– நீ மொதல்ல சத்தியம் பண்ணு. அம்மாகிட்ட சொல்லக் கூடாது.

– சரி, சொல்லல.

– தண்ணீர்மலை முருகன் மேல.

– முருகன் மேல, வேல் மேல, மயில் மேல. போதுமா? சொல்லு புள்ள, பாதிக் கடல் வந்துட்டோம்.

– லேப்ல அந்த ஸ்டாண்டர்ட் போத்தலக் கெடுத்தது கனகேஸ்வரி இல்லண்ணே. நாந்தான்.

– எந்த போத்தல?

– எந்த போத்தலான்னு கேக்குறியே! இன்னிக்கு ஃபேக்டரியே அந்த ஒரு போத்தலப் பத்தித்தானே பேசுச்சு!

– இரு. இரு. ஒண்ணு ஒண்ணா சொல்லு. எனக்குப் பம்பும் கொழாயும்தான் தெரியும். அந்த போத்தல்ல அப்படி என்னாதான் இருக்கு?

– தண்ணிதான். உப்பு போட்ட தண்ணி. ஆனா எவ்வளவு உப்புன்னு அளந்து போட்டது. நீ சுத்தம் பண்ணி அனுப்புற தண்ணில கம்ப்யூட்டர் சிப்பக் கழுவுறாங்கல்ல, அதுல உப்பு அஞ்சுக்கு மேல இருக்கக் கூடாது. அஞ்சுன்னா நீச்சல் குளத்துல ஒரு சிட்டிக. அவ்வளவு கொஞ்சத்த மிஷின் எப்படிக் கண்டுபுடிக்கும்? அதான் மொதல்ல ஸ்டாண்டர்டக் காட்டணும். ‘இதுதான் பத்து, நல்லாப் பாத்து வச்சுக்க’ன்னு. அப்புறம்தான் உன் தண்ணியக் காட்டணும்.

– பாசார்ல மீன்காரன் வச்சிருக்கிற எடக்கல்லு மாதிரி.

– ஆங். அந்தக் கல்லத்தான் நான் கெடுத்துட்டேன்.

– உப்ப அள்ளிப் போட்டியா?

– ஐயோ, உப்பு போட்டா மிஷின் முள்ளு பிச்சுக்கிட்டுப் போயிரும், அன்னிக்கே புடிச்சிருப்பாங்க. நான் ஒண்ணுமே போடலண்ணே, சத்தியமா. மூணு வாரத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழம சாயங்காலம், எல்லாரும் போனதுக்கு அப்புறம், அவ பிளாஸ்டிக் போத்தல்ல இருந்தத ஒரு ஜாம் போத்தல்ல ஊத்தி ஜன்னல் ஓரமா வச்சேன். திங்கக்கிழம காலையில அவ வர்றதுக்கு முந்தி மறுபடியும் அவ போத்தல்லயே ஊத்திட்டேன். அதே போத்தல், அதே லேபல். அவ்வளவுதான்.

– இவ்வளவுதானா? ஜாம் போத்தல்ல வச்சா தண்ணி கெட்டுப் போயிருமா? வீட்டுல அம்மா ஊறுகாயே அதுலதான் போடுது.

– ஊறுகாய்க்கு என்னா வந்துச்சு. இது வேற. கண்ணாடி உப்ப விடும்ண்ணே, கொஞ்சங் கொஞ்சமா, கண்ணுக்கே தெரியாது. நான் சேந்த மொத நாளே எங்க லேப் ஹெட் சந்திரசேகரன் சார் சொன்னாரு, ‘ஸ்டாண்டர்டக் கண்ணாடில ஊத்துனா கைய ஒடிப்பேன்’னு. மூணு ராத்திரி இருந்துச்சு. பத்து அம்பதாயிருச்சு. லேபல்ல மட்டும் பத்து.

– அலாமாக், கடவுளே.

– திட்டுண்ணே. திட்டிரு. இப்படிக் கடலப் பாத்துக்கிட்டு நிக்காத, பயமா இருக்கு.

– ஏன் செஞ்ச?

– அவளப் புடிக்கல.

– புடிக்கலன்னா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறது. எனக்குக் கூடத்தான் சூப்பர்வைசரப் புடிக்கல. நான் அவன் குடிக்கிற கோப்பியில பேதி மாத்திரையா போட்டேன்?

– உனக்குத் தெரியாதுண்ணே. ஆறு மாசமா நான் போத்தல்தான் கழுவுறேன். ஆசிட் பட்டு இங்க பாரு, வெரல் தோலெல்லாம் உரியுது. அவ மிஷினுக்கு முன்னால காலாட்டிக்கிட்டு உக்காந்து, ‘தனம், வடிவாக் கழுவினீரோ? மூண்டு தரம் கழுவினீரோ?’ன்னு கேப்பா. ராணி மாதிரி.

– அது அவங்க வீட்டுப் பேச்சு. யாழ்ப்பாணத்துக்காரங்க அப்படித்தான் பேசுவாங்க. மரியாதையாத்தானே கேக்குறா, ‘நீர்’னு.

– பாத்தியா! உடனே வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துட்ட!

– நான் எங்க வந்தேன்?

– ஜப்பானுக்கு ட்ரெய்னிங் அனுப்ப ஒரு ஆள் கேட்டாங்க. சார் யோசிக்கக் கூட இல்ல. ‘கனகேஸ்வரி’ன்னுட்டாரு. என்னைய ஒரு தடவ திரும்பிக் கூடப் பாக்கல. அவளுக்கு இங்கிலீஷ் இருக்கு, நெறம் இருக்கு, அப்பா ஆபீஸ் கிளார்க்கு. எனக்கு என்னா இருக்கு? பிரஷ்ஷு.

– சரி. அவ கணக்கு தாறுமாறா வரும், சார் நாலு பேரு முன்னால திட்டுவாருன்னு பாத்த.

– அதத்தான் பாத்தேன். ஆனா திங்கக்கிழம மத்தியானம் சார் கை தட்டுறாருண்ணே! ‘ரெண்டு! இந்த ஃபேக்டரி தொறந்த நாள்லேருந்து தண்ணி இவ்வளவு சுத்தமா வந்ததில்ல!’ பேப்பர்ல எழுதி போர்டுல ஒட்டுனாரு. அவளுக்குக் கேண்டீன்லேருந்து கறிபாப் வாங்கிக் குடுத்தாரு. எனக்கும் ஒண்ணு. நான் டாய்லட்ல போயித் துப்பிட்டேன்.

– அது எப்படி? போத்தல்ல உப்பு கூடுனா கணக்கும் கூடத்தானே வரணும்?

– நானும் அப்படித்தான் நெனச்சேன், முண்டம் மாதிரி. நீதானே இப்ப சொன்ன, எடக்கல்லுன்னு. மீன்காரன் கல்லு அஞ்சு மடங்கு கனமாயிட்டா, அந்தப் பக்கம் மீனு லேசாத்தானே காட்டும்? உன் தண்ணில பத்து இருந்துச்சுண்ணே. மிஷின் ரெண்டுன்னு சொல்லிருச்சு. நான் அவ மூக்க ஒடைக்கப் போயி, அவளுக்கு மால போட்டுட்டேன்.

– இரு. என் தண்ணில பத்தா?

– ம்.

– மூணு வாரமாவா?

– ம்.

– மடச்சி! அந்த ரெண்டப் பாத்துத்தானே நான் ரெசின் மாத்தாம விட்டேன்! உப்பப் புடிக்கிறதே அந்த ரெசின்தான். ‘ரெண்டுதானே வருது, இன்னும் பதினஞ்சு நாள் தாங்கும்’னு தள்ளிப் போட்டது நாந்தான். நாப்பதாயிரம் சிப்பு குப்பைக்குப் போயிருக்கு புள்ள, நாப்பதாயிரம்!

– தெரியும். அதனாலதான் எனக்குச் சோறு எறங்கல. உன்னையத்தான் மொதல்ல தூக்குவாங்கன்னு பயந்து செத்தேன். அப்பவே வாயத் தொறந்திருப்பேண்ணே, சத்தியமா. ஆனா இன்னிக்குக் காலையில சார் புது ஸ்டாண்டர்ட் செஞ்சு, பழசப் பக்கத்துல வச்சுப் பாத்தாரு. அஞ்சு மடங்கு. ‘யாரு போத்தல் இது?’ அவ்வளவுதான். நீ தப்பிச்சுட்ட.

– நான் தப்பிச்சேன். அவ மாட்டிக்கிட்டா. நாளைக்கு ஒம்பது மணிக்கு மேனேஜர் ரூம்ல விசாரண. விசாரண என்னா விசாரண, லெட்டர் இப்பவே டைப் அடிச்சு வச்சிருப்பாங்க.

– அவ என்னா சொன்னாளாம்?

– ‘நான் பிளாஸ்டிக்கிலதான் வச்சனான்’. அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. யாரும் நம்பல. பம்ப் ரூமுக்கு வந்து அழுதா.

– பம்ப் ரூமுக்கா?

– அங்கதான் ஆள் நடமாட்டம் இருக்காது.

– நீ இருந்த.

– நான் வேல செய்யிற எடம்லா அது.

– அழுறதுக்கும் அவளுக்கு உன் எடம்தான் வேணும். மூணு மாசமா ‘ஓவர்டைம், ஓவர்டைம்’னு என்னைய ஃபேக்டரி பஸ்ல ஏத்தி விடுற. பஸ் ஜன்னல்லேருந்து பாத்தேன். உன் பின்னால உக்காந்திருந்தா. என் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு.

– மழ பேஞ்சுச்சு. பிறையில அவ வீட்டுத் தெரு வரைக்கும் கொண்டு போயி விட்டேன்.

– அதுக்கப்புறம் அந்த ஹெல்மெட்டுல பவுடர் வாசம் போகல. நான் ரெண்டு தடவ கழுவுனேன்.

– தனம், இங்க பாரு. ஹெல்மெட்ட விடு. நாளைக்கு எட்டு மணிக்கே சார்கிட்ட போயிடு. நானும் கூட வர்றேன். நடந்தத நடந்த மாதிரி சொல்லிடு.

– முடியாது.

– கெஞ்சிக் கேக்குறேன்.

– முடியாதுண்ணே! போலீஸ்ல குடுத்துருவாங்க. பதினெட்டு வயசுதான் ஆவுது எனக்கு. அம்மா கோயில்ல பாக்குறவங்ககிட்ட எல்லாம் ‘என் மவ லேப்ல இருக்கா’ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. அவளுக்கு என்னா, இங்க வேல போனா அவங்க அப்பா வேற எடத்துல சொல்லி வாங்கிக் குடுத்துருவாரு.

– வாங்க முடியாது. நாப்பதாயிரம் சிப்பப் பாழாக்குனவன்னு பேரு வந்துட்டா புக்கிட் தெங்கா ஃபேக்டரி ஏரியா முழுக்க அவள வாசல்ல கூட நிக்க விட மாட்டாங்க. உன்ன மாதிரி ஒரு சின்னப் பொண்ணு தெரியாம செஞ்சுட்டேன்னு அழுதா, சார் திட்டி வீட்டுக்கு அனுப்புவாரு. அவ்வளவுதான் நடக்கும்.

– தெரியாமயா செஞ்சேன்?

– சரி. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்.

– சத்தியம் பண்ணியே!

– அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னுதான் பண்ணுனேன். சார்கிட்ட சொல்ல மாட்டேன்னு பண்ணல.

– சொந்தத் தங்கச்சியக் காட்டிக் குடுப்பியா? அவளுக்காகவா?

– செய்யாத தப்புக்கு ஒருத்தி வேலய உட்டுட்டுப் போகணுமா?

– வேற எவளாவது இருந்தா இப்படித் துடிப்பியா? அப்பா செத்ததுலேருந்து என் கையப் புடிச்சு ஸ்கூலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனவன் நீ. இன்னிக்கு அவளுக்காக என்னையத் தூக்கிப் போடுற. யாருண்ணே அவ உனக்கு?

– கர வந்துருச்சு. ஏறி உக்காரு.

– உக்கார மாட்டேன். யாரு அவ?

– பின்னால கெரெத்தாக்காரன் ஹார்ன் அடிக்கிறான் தனம்.

– அடிக்கட்டும். சொல்லு.

– எங்களுக்கு ரெஜிஸ்டர் ஆயிருச்சு. ரெண்டு மாசமாவுது. அவங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல, அம்மாகிட்ட கூட. தீபாவளி கழிச்சு சொல்லலாம், ஆனா மொதல்ல தனத்துகிட்ட சொல்லணும்னு அவதான் நச்சரிச்சுக்கிட்டு இருந்தா. அவ உனக்கு அண்ணி, புள்ள. இது தெரிஞ்சிருந்தா அந்த போத்தலத் தொட்டிருப்பியா?

– தெரியும்ண்ணே. அந்த வெள்ளிக்கிழம மத்தியானம் உன் மழக்கோட்டு பைல ரெஜிஸ்டர் ரசீதப் பாத்தேன். சாயங்காலம்தான் தண்ணிய மாத்துனேன்.