தான் வைத்த திகதி

குருக்கள்மடத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மடிக்கணினிப் பை வைத்திருந்தவள் சொன்னாள்:

"எங்கட ரிசானா தன்ட வேலையையே வெளியில நிப்பாட்டிப்போட்டா கா."

"என்ன கா சொல்றாய்?"

"நாங்க கொஞ்சப் பேர் சேர்ந்து நூலகங்களுக்கு இலவசமா ஒரு மென்பொருள் செய்யிறமே, அதுட புதுப் பதிப்புக்கு அவதான் பொறுப்பு. ஒரு திகதி வெச்சா. அதுக்குப் பிறகு பிழை திருத்தலாம், புதுசா ஒண்டும் சேர்க்க ஏலா."

"வயலுக்குக் கூட்டம் வெச்சு, விதைப்புக்குக் கடைசித் திகதி போடுற மாதிரியா?"

"ஓம். ஒருத்தர் பிந்தி விதைச்சா வட்டையில வயல் உள்ள எல்லாரும் காவல் நிக்கணுமே."

"அவட வேலை என்ன?"

"தமிழில புத்தகம் தேடுற வசதி. ஒரு வருசமா எழுதினவ. கடைசி நாள் பின்னேரம் கரண்ட் போயிற்று. அடுத்த நாள்தான் முடிச்சா."

"அவ வெச்ச திகதிதானே, ஒரு நாள் தள்ளினா ஆரு கேக்கப்போறா?"

"நாங்க எல்லாரும் தள்ளத்தான் சொன்னம். அவ கேக்கல்ல. இனி அது அடுத்த வருசப் பதிப்பிலதான் வரும்."

ஆரையம்பதி வந்தது. இறங்க எழுந்தபோது மற்றவள் கேட்டாள்:

"இப்ப என்ன செய்யிறா?"

"எங்கட பிழையளத் திருத்திக்கொண்டிருக்கா."