அந்தரத்தில் நின்ற கம்பிக்கட்டு

தலைமை நாற்காலியைத் தாங்கி, தூக்கத்தையும் தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு வீற்றிருக்கும் மூத்தோர்களே! கண்ணீரோடு வந்திருக்கும் தாய்மார்களே! கலவை கலந்த கைகளே, கல் சுமந்த தோள்களே! மறைந்த என் அண்ணனின் மனைவி, மதிப்புக்குரிய அண்ணியார் அவர்களே! எனக்கு முன் பேசி அமர்ந்த அண்ணன் மகனே! அனைவருக்கும் இந்தச் சைகைக்காரனின் வணக்கம்.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்லர், உடனுழைத்தவர். வானை முட்டும் கிரேனின் உச்சியில், ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாத கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கட்டடங்களை வளர்த்தவர். காலையில் ஏறினால் மாலையில்தான் இறக்கம். சாப்பாடு மேலே, தண்ணீர் மேலே. மற்றதா? ஏனய்யா சிரிக்கிறீர்கள், அதுவும் மேலேதான், பாட்டிலில்!

நான் கீழே. கையில் வாக்கிடாக்கி. பத்தொன்பது ஆண்டுகள் 'ஏத்து, இறக்கு, இடது, வலது' என்றேன். சொன்னதையெல்லாம் கேட்டார். என் வீட்டில் அந்தப் பாக்கியம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் அவர் வீட்டு மொட்டைமாடி தெரியும். மகன் படித்த பள்ளியின் மைதானமும் தெரியும். பார்த்ததை மனதுக்குள் வைத்துக்கொள்பவரா அவர்? "கம்பி ஏறுது... பச்சைப் போர்வைய காயப்போட்டுட்டா... கொஞ்சம் இடது... மழை வர்ற மாதிரி இருக்கு, எடுக்க மாட்டேங்கிறா பாரு." மேஸ்திரிகள் இடுப்பிலெல்லாம் வாக்கிடாக்கி. சாரத்தில் நின்ற முன்னூறு பேருக்கும் சேதி போய்விடும். அண்ணியார் அவர்களே, உங்கள் முகத்தையே பார்த்திராத கொத்தனார்கள் உங்கள் போர்வைக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்கள்! வீட்டில் மட்டும் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் நீங்கள் மாடிக்கே வரமாட்டீர்கள் என்று பயம்.

சற்றுமுன் அண்ணன் மகன் என்ன சொன்னார்? "ஓட்டப் பந்தயத்தில் நான் முதலாவதாக வந்த அன்றுகூட அப்பா வரவில்லை. அவருக்கு வேலைதான் பெரிது" என்றார். அண்ணியார் தலைகுனிந்தார். அப்பா தன்னைப் பொருட்படுத்தவில்லை என்ற குறையோடு இந்தப் பிள்ளை வீடு திரும்பலாமா? விடுவேனா நான்? எழுதி வந்த பேச்சு பையிலேயே கிடக்கட்டும். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை இன்று மீறுகிறேன்.

அந்தப் பந்தயத்தன்று எங்களுக்குத் தளம் போடும் நாள். லீவு கேட்டார், கிடைக்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறினார். பதினொரு மணி இருக்கும். நான் "ஏத்து" என்கிறேன், கம்பிக்கட்டு பாதியில் அந்தரத்தில் நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சும்மா இருடா. பசங்க கோட்டுல நிக்கிறாங்க."

நின்றது கிரேன்! நின்றது கலவை! நின்றன கரண்டிகள்! கட்டட வேலையே கட்டிப்போட்டது போல் நின்றது! இன்ஜினியர் வரிந்துகட்டிக்கொண்டு ஓடி வந்தார். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று கத்த வந்த மனிதர், என் வாக்கிடாக்கியில் காதை வைத்தார். வைத்தவர் என்ன கேட்டார் தெரியுமா? "எத்தனையாவதா வர்றான்?"

தம்பி, என்னை மன்னித்துவிடு. நீ மூன்றாவதாக ஓடினாய். வளைவில் தடுக்கி விழுந்தாய்.

"எந்திரிடா கண்ணு" என்றார் மேலேயிருந்து. முன்னூறு பேரும் கூடவே சொன்னோம். உனக்குக் கேட்டிருக்காது, ஆனாலும் எழுந்தாய். நொண்டிக்கொண்டே ஓடினாய். கடைசியாக வந்தாய்.

யாரங்கே சிரிப்பது? அன்று நாங்கள் கைதட்டிய தட்டில், கட்டடம் முடிந்தே போய்விட்டதென்று தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்!

மறுநாள் காலை அண்ணன் எல்லோரையும் கூட்டினார். "பையன் வீட்டுக்கு வந்து ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னான். அதனால அவன் ஃபர்ஸ்ட்டுதான். எவனாவது மாத்திச் சொன்னா, அவன் தலைக்கு மேல கல்லு ஏத்தறப்ப என் கை நடுங்கும், ஆமா." முன்னூறு வாய்களும் அன்றைக்கு மூடியவைதான்.

நான் மட்டும் தனியே கேட்டேன், பார்த்தேன் என்றாவது பிள்ளையிடம் சொல்லக்கூடாதா என்று. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"பாத்தேன்னு சொன்னா, அவன் பொய் சொன்னது எனக்குத் தெரியும்னு ஆயிடும்டா. அவன் கூனிக் குறுகிப் போயிடுவான். அப்பா வரலன்னு என்மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும்."

பெரியோர்களே! பிள்ளைக்காக வெயிலைச் சுமந்தவர் உண்டு, பாரத்தைச் சுமந்தவர் உண்டு. பிள்ளையின் கோபத்தையே பரிசாக வாங்கிச் சாகும்வரை சுமந்தவரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? எனக்குத் தாங்கவில்லையய்யா, அதனால்தான் உடைத்துவிட்டேன்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், அடிக்க வராமல் உட்கார்ந்திருக்கும் அண்ணன் மகனுக்கும் நன்றி. தம்பி, முதலாவதாக வந்தேன் என்று எங்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள், நாங்கள் சாட்சி. அப்பா வரவில்லை என்று மட்டும் இனி சொல்லாதே. நீ கோட்டைத் தொடும்வரை உன்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை அந்த மனிதர். வணக்கம்.