எண்ணெய் காணாத கப்பி

விளக்கெண்ணெயைப் பற்றி ஜனங்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பெயரைச் சொன்னாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். சின்ன வயதில் மூக்கைப் பொத்தி வாயில் ஊற்றியதை யாரும் மறப்பதில்லை. ஆனால் இந்தக் கல்கத்தாவில் பாதி ஓடுவது அதன் தயவில்தான், இன்ஸ்பெக்டர் பாபு. சணல் ஆலையில் சுழலும் தண்டு, ரயில் பெட்டியின் அச்சு, ஆற்றில் போகும் நீராவிப் படகு, எல்லாம் குடிப்பது எண்ணெயைத்தான். நிலக்கரிக்குக் கிடைக்கிற மரியாதையில் துளிகூட எண்ணெய்க்குக் கிடைப்பதில்லை.

உங்கள் துபாஷி மஹாதேவன் நிதானமாக வங்காளியில் மொழிபெயர்க்கட்டும். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் பட்டாபிராமன். ஹௌராவில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் எண்ணெய், கொழுப்பு, மசகு இவற்றுக்கெல்லாம் ஸ்டோர் சூப்பரிண்டெண்ட். காளிகாட்டில் குடியிருக்கிறேன். எங்கள் சந்தில் என்னைத் 'தேல்பாபு', எண்ணெய்க்காரர், என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயில் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கதவுக் கீல், தையல் மிஷின், குடைக் கம்பி, மாவு அரைக்கும் யந்திரம், எது கிறீச்சிட்டாலும் போய் இரண்டு சொட்டு விடுவேன். கூப்பிட வேண்டுமென்பதில்லை. ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கோஷ்பாபுவின் மாமனார் உட்கார்ந்திருந்த ஆடும் நாற்காலிக்கு, அவர் எழுந்திருக்காமலே எண்ணெய் விட்டேன். கிழவர் செத்துப்போனாரோ என்று பார்ப்பதற்காகக் குனிந்தேன் என்று வீட்டார் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி ஜெயலக்ஷ்மி சொல்வாள், "ஊர் வாயெல்லாம் அடைக்கறேள். ஆத்துக்காரியோட ரெண்டு வார்த்தை பேசினா என்ன கொறஞ்சுடும்?" எனக்கு அப்படிப்பட்ட பேச்சு வராது.

இரண்டு இரும்பு நேருக்கு நேர் உரசக் கூடாது. நடுவில் மெல்லிசாக ஒரு படலம் எண்ணெய் நிற்க வேண்டும். நின்றால் ஒன்றையொன்று தொடாமலே காலம் தள்ளும். இல்லாவிட்டால் முதலில் கத்தும். பிறகு சூடாகும். பிறகு தேயும். ஒரு நாள் உடையும். கத்தும்போதே காது கொடுத்தால் போதும். ஜனங்கள் கத்துவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இனி நாடகத்துக்கு வருகிறேன்.

தலைநகரை டில்லிக்கு மாற்றினார்களே, அதில் மகாராஜாக்களைவிட அதிகம் நஷ்டப்பட்டது எங்கள் தமிழ் நாடக சபைதான். எங்கள் கிருஷ்ணனும் அர்ஜுனனும் செக்ரடேரியட்டில் உத்தியோகம் பார்த்தவர்கள். இருவரும் ஃபைல்களோடு ரயிலேறிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பாங்கு ஆசாமிகளும் கம்பெனி ஆசாமிகளும்தான். அதில் பெரியவர் ஸ்ரீனிவாசராகவன். பாங்கில் ஹெட் அக்கவுண்டண்ட். குரல் உண்டு, உடம்பும் உண்டு. வரும் பொங்கலுக்குப் போடும் நாடகத்தில் நாரதர் வேஷம் தனக்குத்தான் என்றார். நாரதர் நடந்து வரமாட்டார், மேகத்தில் ஏறி ஆகாயத்திலிருந்து இறங்குவார் என்றும் சொன்னார். அந்தச் சரீரத்தை ஆகாயத்தில் நிறுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் சந்தோஷமாகத்தான் செய்தேன். கிதிர்பூரில் பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் ஒரு பெரிய இரும்புக் கப்பி வாங்கினேன். பவானிபூரில் வாடகைக்கு எடுத்த கூடத்தில், உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டேன். புதுக் கயிறு. ஒரு முனையில் மேகம் வரைந்த பலகை, மறுமுனை திரைக்குப் பின்னால் ராட்டினத்தில். ராட்டினத்தின் கைப்பிடி என் கையில். முதல் ஒத்திகையில் நாரதர் பூப்போல இறங்கினார். ஒரு சத்தமில்லை.

ஆனால் கப்பிக்குத் தாராளமாக எண்ணெய் விட்டிருந்தேன். இரண்டு சொட்டு, நாரதரின் நெற்றியில் விழுந்து, நாமத்தோடு மூக்குவரை வழிந்தது. ஸ்ரீனிவாசராகவன் பலகையிலேயே எழுந்து நின்றார்.

"யார்ரா அது? தேவலோகத்துல எண்ணெய்ச் செக்கா ஆட்டறா? ஓய் பட்டாபி, இனிமே அந்தக் கப்பிகிட்ட எண்ணெய்க் கேனைக் கொண்டுபோனா கையை முறிச்சுடுவேன்."

"எண்ணெய் இல்லாம கப்பி நிக்காது சார்," என்றேன்.

"நிக்கும். நீர்தான் வெறும் வெளக்கெண்ணெய். உம்மைத் தொட்டா வழுக்கறது, மோந்தா நாத்தம், உள்ள போனா பேதி."

கூடம் முழுக்கச் சிரித்தது. விளக்கெண்ணெய் என்பது தமிழில் ஒரு வசவு, இன்ஸ்பெக்டர் பாபு. மஹாதேவன் அதை 'ரேடிர் தேல்' என்று மொழிபெயர்த்தால் உங்களுக்குப் புரியாது, ஏதோ சாமானின் பெயர் என்று நினைத்துக்கொள்வீர்கள். உதவாக்கரை, மந்தம், அசடு எல்லாம் அதில் அடக்கம். மறுநாள் முதல் சபையில் என் பெயரே அதுதான். காபி வந்தால், "வெளக்கெண்ணெய்க்கு ஒரு டம்ளர்" என்பார்கள். நான் வாங்கிக் குடிப்பேன். காபியின் மேல் எனக்கென்ன கோபம்.

கப்பியில் எண்ணெய் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. எல்லாரும் கை தூக்கினார்கள், திருவேங்கடத்தைத் தவிர.

அவன் தபாலாபீஸ் குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயது இளையவன். கட்டத்துக்குக் கட்டம் வசனம் எடுத்துக்கொடுக்கிற பிராம்ப்டர் வேலை அவனுக்கு. கலைந்து போகும்போது என் கூடவே வந்தான்.

"ஏண்ணா, எண்ணெய் விட்டா சத்தம் நிக்கும், சரி. வேற என்ன ஆகும்?"

என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. ஆதிகங்கைக் கரையில் நின்று அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். துரு எப்படி வருகிறது, கடுகெண்ணெய் ஏன் பிசுக்குப் பிடிக்கும், எதற்கு எது ஆகும், ஒரு பழைய இயந்திரத்தை எண்ணெய் ஒன்றே எத்தனை வருஷம் ஓடவைக்கும். அவன் நடுவில் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. "நீங்க சொல்றதுதாண்ணா சரி. ஒரு நாள் அவாளுக்கே தெரியும்," என்றான். அந்த வாக்கியம் என்னோடு வீட்டுக்கு வந்தது. சாப்பிடும்போதும் இருந்தது.

நான் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டேன். ஒரு சொட்டு விடவில்லை. பழைய எண்ணெயையும் துணியால் துடைத்தெடுத்தேன். கப்பி கத்த ஆரம்பித்தது. நாரதர் நாராயண நாமத்தைப் பாடிக்கொண்டு இறங்கும்போதெல்லாம், வைகுண்டத்தில் யாரோ பன்றியை அறுக்கிற மாதிரி இருக்கும். இப்போது பயப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆர்மோனியக்காரர் அந்தச் சத்தத்தின் சுருதியைக் கண்டுபிடித்து அதற்கேற்ப வாசிக்கத் தொடங்கினார். எல்லாரும் பேஷ் என்றார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. கப்பி உடையவில்லை. மார்கழி முழுதும் ஒத்திகை நடந்தது. அது கத்திற்று, சூடாயிற்று, ஆனால் நின்றது. மேலே ஏறி அச்சைப் பார்ப்பேன். லேசாகத் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். கப்பலுக்கென்று செய்த சாமான், இன்னும் சில வருஷம்கூட அப்படியே கத்திக்கொண்டிருக்கும். ஸ்ரீனிவாசராகவன் கீழேயிருந்து கேட்பார், "என்ன ஓய், கப்பி நிக்கறதோன்னோ?" நிற்கிறது என்பேன். எந்த இயந்திரமும் என்னை அதற்கு முன் அப்படி அவமானப்படுத்தியதில்லை.

ஆகவே அதற்குக் கொஞ்சம் உதவி செய்தேன். எங்கள் ஸ்டோரில் எமரித் தூள் உண்டு, இரும்பைத் தேய்க்கிற சாணைப் பொடி. ஒரு பொட்டலம் எடுத்துவந்து அச்சில் தூவினேன். ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்பும் தூவினேன். இதைச் சதி என்று எழுதாதீர்கள். எண்ணெய் இல்லாத அச்சு தேயும் என்பது உண்மை. உண்மை மெதுவாக நடந்துகொண்டிருந்தது, பொங்கல் வேகமாக வந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரு நாளில் சேர்த்துவைத்தேன். நாடகத்துக்கு முதல் நாள் பார்த்தபோது அச்சு பென்சில் கனம் இருந்தது.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குடும்பங்கள் வந்து, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது செய்தி வந்தது. ஸ்ரீனிவாசராகவனுக்குப் பாங்கில் யாரோ ஒரு பானை ரசகுல்லா பரிசு கொடுத்திருக்கிறார்கள். குரல் இனிக்க வேண்டுமென்று காலையிலிருந்து அதையே சாப்பிட்டிருக்கிறார். இப்போது கொல்லைப்புறத்துக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார், மேகத்தில் உட்காரும் நிலையில் இல்லை. நாரதர் வசனம் முழுதும் தெரிந்த இன்னொருவர் பிராம்ப்டர்தான்.

திருவேங்கடம் ஜடாமுடி வைத்துக்கொண்டு, தம்பூராவோடு என்னிடம் வந்தான். பவுடர் பூசிய முகத்தில் வியர்வை.

"அண்ணா, நேக்கு ஒசரம்னா பயம். ஒண்ணும் ஆகாதே?"

இந்த இடத்தில் நீங்கள் பேனாவை நிறுத்துவீர்கள் என்று தெரியும். நானும் நிறுத்தி யோசித்தேன். சொல்லியிருக்கலாம். ஏறாதே என்று ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பார்கள். கப்பியை இறக்கிப் பார்ப்பார்கள். எமரித் தூள் தெரியும். அப்புறம் என்ன சொல்வார்கள்? எண்ணெய் இல்லாததால் இல்லை, அந்த விளக்கெண்ணெய் பட்டாபி பொடி போட்டதால் என்பார்கள். உண்மை என்றைக்கும் எழுந்திருக்காது. புதுக் கப்பி மாட்டுவார்கள், அதுவும் எண்ணெய் இல்லாமல் நிற்கும்.

"கப்பி எண்ணெய் காணாம இருக்கு. அது ஒனக்கே தெரியும்," என்றேன். அதில் பொய் இல்லை.

"ராட்டினத்துல நீங்க இருக்கேளே. நேக்கு அது போரும்," என்று பலகையில் ஏறிக்கொண்டான்.

நான் கைப்பிடியைச் சுற்றி மேலே ஏற்றினேன். திரை விலகியது. இறக்க ஆரம்பித்தேன். கப்பி கத்திற்று, ஆர்மோனியம் சேர்ந்துகொண்டது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும்போது அச்சு முறிந்தது. சக்கரம் தனியாகக் கழன்று விழுந்தது, மேகமும் விழுந்தது. சபையில் பலமாகக் கை தட்டினார்கள். நாரதர் கலகம் செய்ய வருகிறவர்தானே, கதையில் இதுவும் உண்டென்று நினைத்துவிட்டார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சாவித்ரிகூட இரண்டு தட்டுத் தட்டினாள். அவன் கழுத்து திரும்பியிருந்த விதத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினாள்.

கேவராத்தலா மயானத்தில் ஸ்ரீனிவாசராகவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீர் தலபாடா அடிச்சுண்டீரே பட்டாபி. எண்ணெய் போட விட்டிருக்கணும். நான்தான் பாவி." எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இனி வாராவாரம் எண்ணெய் விடாமல் மேடையில் எதுவும் அசையக்கூடாது என்று கமிட்டி அங்கேயே முடிவு செய்தது. என்னை யாரும் விளக்கெண்ணெய் என்று கூப்பிடவில்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது திருவேங்கடத்தின் வீட்டுக் கதவு கிறீச்சிட்டது. கீலுக்கு இரண்டு சொட்டு விட்டேன். சாவித்ரி அந்த நிலையிலும் எனக்குக் கை கூப்பினாள்.

அத்தோடு முடிந்திருக்கும். மரண விசாரணை அதிகாரி கெடுத்துவிட்டார். விழும்போது கப்பியின் தகட்டில் மாட்டிக் கயிறு அறுந்திருந்தது. அவர் அந்த முனையைப் பார்த்துவிட்டு, கயிறு மட்டம், அதனால் மரணம் என்று எழுதிவிட்டார். பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். எண்ணெயைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அந்தக் கயிற்றை விற்ற கடைக் கிழவரை நீங்கள் இங்கே பிடித்துவைத்து விசாரிப்பதாகவும் கேள்விப்பட்டேன். அவர்மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்று நினைக்காதீர்கள். கயிறு முதல் தரம். தவறான காரணத்தைப் படித்துவிட்டு ஊரில் எல்லாரும் நல்ல கயிறு வாங்கப் போவார்கள், ஒருவரும் எண்ணெய் விடமாட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். பொடி தூவியது நான். தெரிந்தே அவனை ஏற்றியது நான். இறக்கியதும் நான். ஆனால் காரணம் என்ற இடத்தில், எண்ணெய் விடாததால் அச்சு தேய்ந்து முறிந்தது என்று தெளிவாக எழுதுங்கள். சந்தேகமிருந்தால் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். திருவேங்கடம் மட்டும் இன்று இருந்திருந்தால், நீங்க சொன்னதுதாண்ணா சரி என்று முதல் ஆளாக வந்து எனக்குச் சாட்சி சொல்லியிருப்பான்.